வீட்டு எக்சர்சைஸ் சைக்கிள்: எதிர்ப்பு சக்திக்காக வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

கொரோனாவுக்குப் பிறகு எக்சர்சைஸ் சைக்கிள் விளம்பரங்களில் "இம்யூனிட்டி கூடும்" என்ற வரி பரவலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பு எடை குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் வாங்கினார்கள். இப்போது "அடிக்கடி சளி பிடிக்கிறது, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், இது உதவுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த விளம்பர வரி எவ்வளவு தூரம் உண்மை, உண்மையென்றால் கடையில் நிற்கும் சைக்கிள்களில் எது அதற்குத் தகுதியானது என்று பார்ப்போம்.

பிராண்ட் பெயர்களை இங்கே சொல்லவில்லை. ஒரே அச்சில் வார்த்த சட்டகம் நாலு பெயரில், நாலு நிறத்தில் வருவது இந்தச் சந்தையில் சாதாரணம். மேலே ஒட்டியிருப்பதைவிட உள்ளே இருக்கும் பெல்ட், காந்தம், கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை), பேரிங் ஆகியவைதான் நம் கவனத்துக்கு உரியவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். காந்தத் தடை உள்ள (மிதிக்கும் சுமையைக் காந்தம் தரும்), நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும் வகையை வாங்கலாம். ஆனால் எதிர்ப்பு சக்தி என்ற பலன் வாரக் கணக்கில் வருவதில்லை. பல மாதங்கள், பல ஆண்டுகள் விடாமல் மிதித்தவர்களிடம்தான் அது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. எனவே முதல் நாள் எவ்வளவு சொகுசாக இருக்கிறது என்பதை வைத்து இந்தச் சாதனத்துக்கு மார்க் போடக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வருடம் ஓட்டினால் எது தாங்கும், எது வலியோ சத்தமோ தராமல் மறுநாளும் ஏறி உட்கார வைக்கும் என்பதுதான் அளவுகோல்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

சைக்கிள் ஓட்டுபவர்களை வைத்தே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியிட்டவை அதன் முடிவுகள். 55 முதல் 79 வயது வரையுள்ள 125 பேர். வாழ்நாளின் பெரும்பகுதியில் சைக்கிளை விடாதவர்கள். ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ளும், பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும் கடக்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும் என்பது தேர்வு விதி. அதே வயதில் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களோடும் இளைஞர்களோடும் அவர்களுடைய ரத்தத்தை ஒப்பிட்டார்கள்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி செல்கள் என்ற, கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் இடம். இளமை கடக்கும்போதே அது சுருங்கத் தொடங்கிவிடும். முதுமையில் புதிய கிருமிகளுக்கு எதிராக உடல் தடுமாறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த மூத்த சைக்கிள்காரர்களிடம் தைமஸிலிருந்து புதிதாக வந்த டி செல்கள், உட்கார்ந்தே பழகிய அதே வயதினரைவிட அதிகமாக இருந்தன. இளைஞர்களின் அளவை எட்டியிருந்தன. தைமஸைக் காக்கும் இன்டர்லூக்கின்-7 என்ற புரதம் கூடுதலாகவும், ரத்தத்தில் எப்போதும் அதிகமாக இருந்தால் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 குறைவாகவும் இருந்தன.

அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. முதுமையில் குவியும் ஓய்ந்துபோன டி செல்களின் விகிதத்தில் இந்தச் சைக்கிள்காரர்களுக்கும் மற்ற முதியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாமே இளமையாகிவிடுவதில்லை. தவிர, அந்த வயதில் நூறு கிலோமீட்டர் போகிறவர்கள் பிறவியிலேயே கொஞ்சம் திடமானவர்களாகவும் இருக்கலாம். அதை இந்த வகை ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது.

சாதாரண மனிதர்களுக்கு நெருக்கமான கணக்கு 2011-இல் அமெரிக்காவில் வந்தது. உடற்பயிற்சி ஆய்வாளர் டேவிட் நீமன் குழுவினர் 18 முதல் 85 வயது வரையுள்ள சுமார் ஆயிரம் பேரை 12 வாரம், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும், பின்தொடர்ந்தார்கள். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட 43 சதவீதம் குறைவான நாட்களே சளி, தொண்டைத் தொல்லையோடு கழித்தார்கள். இன்னொரு பக்கம், இதே கேள்விக்கான பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் தொகுப்பாய்வு, சளி பிடிக்கும் தடவைகளின் எண்ணிக்கை குறைவதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறது. வந்த சளியின் கடுமையும், அறிகுறிகளோடு கழியும் நாட்களும் குறைவதற்கே ஆதாரம் தென்படுகிறது என்கிறது. ஆகவே "இதை மிதித்தால் சளியே பிடிக்காது" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். "பிடித்தாலும் லேசாக வந்து சீக்கிரம் போகும் வாய்ப்பு அதிகம்" என்றால் அது ஆய்வுக்கு ஏறக்குறைய ஒத்த பேச்சு.

60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி சார்ந்த பலனும் உண்டு. 2009-இல் வெளியான ஒரு பரிசோதனையில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 144 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வாரம் மூன்று நாள் இதயத் துடிப்பு உயரும் பயிற்சியிலும், மறு பகுதியினரை வெறும் உடல் வளைப்பு, நீட்டல் பயிற்சிகளிலும் 10 மாதம் வைத்தார்கள். ஃப்ளூ ஊசி போட்டதும் இரு பகுதியினருக்கும் எதிர்பொருள் (ஆன்டிபாடி) ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் 24 வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியினரிடம்தான் பாதுகாப்பு அளவு அதிகம் பேருக்கு நீடித்தது. ஊசிக்கு முந்தைய வாரம் சைக்கிள் வாங்கினால் இது கிடைக்காது.

முப்பது நிமிடத்தில் உள்ளே நடப்பது

எந்த வகை சைக்கிள் என்ற கேள்விக்கு இதுதான் அடிப்படை என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். மிதிக்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் அட்ரினலின் ஏறுகிறது. ரத்த ஓட்டம் வேகமெடுக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் மண்ணீரலிலும் தங்கியிருக்கும் வெள்ளணுக்கள், குறிப்பாக இயற்கைக் கொல்லி செல்களும் ஒரு வகை டி செல்களும், பிரிந்து ரத்தத்தில் சேர்கின்றன. வேகம் கூடக் கூட இந்த எண்ணிக்கையும் கூடும். நிறுத்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவற்றின் எண்ணிக்கை ஆரம்ப அளவுக்கும் கீழே போய், ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்தத் தாழ்வைப் பார்த்து "பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் உடல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது" என்று 1990-களில் கருதினார்கள். அந்தச் செல்கள் அழிவதில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்கு ரோந்து போகின்றன என்பது இன்று வலுப்பெற்ற கருத்து. விலங்குகளில் செல்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது. இந்தச் சுற்று ஒரு நாளில் முடிந்துவிடுவதால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் மிதிப்பதைவிட வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் மிதிப்பதை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

இரண்டாவது வேலை தசையில் நடக்கிறது. சுருங்கி விரியும் தொடைத் தசை இன்டர்லூக்கின்-6-ஐச் சுரக்கிறது. அழற்சியின் அடையாளம் என்று மேலே சொன்ன அதே பொருள்தான். ஆனால் தசையிலிருந்து சிறிது நேரம் மட்டும் எழுந்து அடங்கும்போது அது அழற்சியைத் தணிக்கும் பொருட்களை வரவழைக்கிறது. வயிற்றின் உள்கொழுப்பைக் கரைக்கவும் உதவுகிறது. கோபன்ஹேகனில் வயிற்றுப் பருமன் உள்ளவர்களை 12 வாரம், வாரத்தில் பல முறை, 45 நிமிடம் வீதம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உள்கொழுப்பு குறைந்தது. இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் மருந்து போட்டவர்களுக்கு அதே பயிற்சியில் அது குறையவில்லை. 2019-இல் வெளியான முடிவு இது. உள்கொழுப்புதான் உடலுக்குள் ஓயாத அழற்சிக்குப் பெரிய ஊற்று என்பதால், எதிர்ப்பு சக்திக்கான நீண்ட காலப் பலனில் இதற்கும் பங்கு உண்டு.

சைக்கிள் தேர்வுக்கு இதிலிருந்து வரும் நிபந்தனை ஒன்று: தசைக்கு உண்மையான சுமை வேண்டும். காலைச் சும்மா சுழற்ற வைக்கும் சாதனம் இந்தக் கணக்கில் சேராது.

எந்த வகை

இணையத்தில் அதிகம் விற்பது, கையும் ஆடும் "ஏர் பைக்". பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் கிடைக்கும். முன்னால் கூண்டுக்குள் சிறிய சக்கரம், அதில் விசிறித் தகடுகள், மேலே ஒரு திருகு. ஜிம்களில் இருக்கும் பெரிய விசிறி சைக்கிள் வேறு. அதை நினைத்து இதை வாங்கக் கூடாது. இதில் காற்றுத் தடை மிகக் குறைவு. தடையை உண்டாக்குவது பெரும்பாலும் சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் ஒரு பட்டைதான். பட்டை சூடானால் தளரும், நாளாக ஆகத் தேயும். அதனால் நேற்று வைத்த அதே திருகு நிலை இன்று அதே சுமை தராது. எட்டு மாதத்தில் முன்னேறியிருக்கிறோமா இல்லையா என்று கணக்குப் பார்க்க வழியில்லை. ஆடும் கைப்பிடியின் மூட்டுகளில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து கிறீச்சிடுவது அடுத்த தொல்லை. கையும் சேர்ந்து உழைப்பதால் காலுக்குக் குறைந்த சுமையிலேயே துடிப்பு ஏறும் என்பது இதன் நல்ல அம்சம். முழங்கால் வலி உள்ள சிலருக்கு இது பயன்படும்.

ஸ்பின் பைக் கட்டுறுதியானது. ஆனால் பெரும்பாலானவற்றில் பெடலும் கனமான சக்கரமும் நேரடியாகப் பிணைந்தவை. நாம் நிறுத்தினாலும் பெடல் நிற்காது, காலை இழுத்துக்கொண்டு சுற்றும். திருகை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. மலிவான மாடல்களில் தடை தருவது ஃபெல்ட் பேட். அது தேயும், தூள் கொட்டும், காய்ந்தால் கத்தும். முன்னால் குனிந்த நிலையும் எல்லா முதுகுக்கும் ஒத்துவராது. முப்பது வயதுக்காரருக்கு நல்ல கருவி. அறுபது வயதில் தொடங்குபவருக்கு வேண்டாம்.

மேசைக்கடியில் வைக்கும் குட்டிப் பெடல் கருவி அறுவை சிகிச்சைக்குப் பின் மூட்டை அசைத்துக் கொடுக்கத்தான் சரி. தடையைக் கூட்டினால் அதுவே தரையில் நழுவி ஓடும்.

காந்த வகைக்கு வருவோம். சுழலும் உலோகச் சக்கரத்துக்கு அருகே காந்தங்கள் நெருங்கும்போது உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதுவே வேகத்தைத் தடுக்கிறது. எதுவும் எதிலும் உரசுவதில்லை. தேய்மானம் இல்லை, சத்தம் மிகக் குறைவு, ஐந்தாம் நிலை என்றால் அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே ஐந்தாம் நிலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் விடியற்காலை ஐந்து மணிக்கு மிதித்தாலும் கீழ்வீட்டில் யாரும் எழ மாட்டார்கள். விலை ஏர் பைக்கைவிடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல் தொகை இந்த நோக்கத்துக்குச் செலவாக வேண்டிய இடத்தில்தான் செலவாகிறது. முதுகுச் சாய்வோடு கால் நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் வகையும் காந்தத் தடைதான். இடுப்பு வலி, பருமன், சமநிலைக் குறைவு உள்ளவர்களுக்கு அதுவே மேல். இடம் நிறைய அடைக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை: சுழல் சக்கரம் நாலு கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும், குறைந்தால் பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் வெட்டி இழுக்கும். கிராங்க், அச்சு, மறு கிராங்க் என மூன்று துண்டாக இருந்தால் கெட்டதை மட்டும் மாற்றலாம். சங்கிலியைவிட வரிப் பள்ளம் உள்ள பெல்ட் நல்லது, எண்ணெய் கேட்காது. எடைத் தாங்கும் அளவு என்று எழுதியிருப்பதிலிருந்து 25 கிலோ கழித்துவிட்டு நம் எடையைப் பொருத்திப் பாருங்கள். பிறகு உட்கார்ந்து, தடையை உச்சத்தில் வைத்து, நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் மூன்று நிமிடம் மிதியுங்கள். அந்த உச்ச நிலையிலும் சிரமமில்லாமல் விற்பனையாளரிடம் பேரம் பேச முடிகிறதென்றால் அந்தச் சைக்கிள் ஆறு மாதத்தில் உங்களுக்குப் போதாது. குறைந்தபட்ச நிலையில் அது எதிர்ப்பே இல்லாமல் சுழல வேண்டும். வீட்டுப் பெரியவர் தொடங்குவது அங்கிருந்துதான்.

உயரம் குறைந்தவர்கள் இருக்கையின் மிகத் தாழ்ந்த துளையில் உட்கார்ந்து பாருங்கள். பல சைக்கிள்களில் அதிக உயரத்தைப் பற்றித்தான் பெருமையாக எழுதியிருக்கும். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குத் தாழ்ந்த துளையும் எட்டாவிட்டால் அந்தச் சைக்கிளை அவர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்.

பூட்டும்போது, அளவு வைக்கும்போது

பெட்டியில் வந்ததைப் பூட்டும்போது நடக்கும் பெரும் கேடு பெடலில்தான். இடது பெடலின் மரை எதிர்த் திசையில் போகும். பெடல் அச்சின் நுனியில் ஆங்கில எழுத்தில் எல், ஆர் என்று பொறித்திருக்கும்; கிராங்கிலும் இருக்கும். பொருத்திப் பார்த்து, முதல் மூன்று சுற்றைக் கையால் மட்டும் திருகுங்கள். கையால் போகவில்லையென்றால் கோணல் விழுந்திருக்கிறது என்று பொருள். ஸ்பானரால் வற்புறுத்தினால் கிராங்கின் மரை சிதைந்து கிராங்கையே மாற்ற வேண்டிவரும். நேராக ஏறிய பிறகு 15 எம்எம் ஸ்பானரால் நன்றாக இறுக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவை, நடுத் தண்டைச் செருகும்போது உள்ளே போகும் ஒயர் நசுங்கியதால் வருபவை.

இருக்கை உயரம்: பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வு. பின்புறம் இழுத்தாலோ, இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் அதிகம். வீட்டில் நாலு பேர் மிதித்தால் ஒவ்வொருவரின் துளைக்கும் பக்கத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். மாற்றச் சோம்பி அடுத்தவர் உயரத்தில் மிதிப்பதுதான் முழங்கால் வலியின் வழக்கமான வழி.

கைப்பிடியில் இருக்கும் நாடி உணரியை நம்ப வேண்டாம். வியர்த்த கையும் அசையும் கையும் அதைக் குழப்பிவிடும். டிஸ்ப்ளே காட்டும் கலோரியும் தோராயம்தான். உங்கள் எடையையே கேட்காத கருவி எதை வைத்துக் கணக்கிடும்? நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையும் கடந்த நேரமும் போதும். துடிப்பு துல்லியமாக வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டை தனியாகக் கிடைக்கிறது.

எவ்வளவு மிதிப்பது

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமானது என்பதற்கு எளிய சோதனை: வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண்ணில் வேண்டுமானால் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழியுங்கள். அதுதான் உச்சத் துடிப்பின் மதிப்பீடு. அதில் 64 முதல் 76 சதவீதம் மிதமான பகுதி. 50 வயதுக்கு உச்சம் 173. மிதிக்க வேண்டியது 111-க்கும் 131-க்கும் இடையே. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது; அவர்கள் பேச்சுச் சோதனையையே வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு வாரம் நாளுக்கு 10 நிமிடம், ஐந்து நாள், லேசான தடை, 60 சுற்று. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டினால் ஆறாவது வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடும். நேரம் வந்த பிறகே தடையைக் கூட்ட வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு நிலை. மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு நிமிடம் வேகமாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் ஆறு சுற்று மிதிக்கலாம். தினமும் அப்படி மிதிப்பது தேவையில்லை.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் நீமன் எடுத்த கணக்கு இன்றும் பேசப்படுகிறது. ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு அடுத்த வாரத்தில் தொற்று அறிகுறி. அதே அளவு பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம் பேருக்குத்தான். கூட்டம், பயணம், தூக்கக் குறைவு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தீரவில்லை. வீட்டில் அரை மணி நேரம் மிதிப்பவர் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் வாங்கிய உற்சாகத்தில் முதல் வாரமே தினம் ஒரு மணி நேரம் மிதித்து, தொடை பிடித்து, இரண்டாம் வாரம் துணி காயப்போடத் தொடங்குவது வேறு வகையான அளவு மீறல். இந்தச் சாதனம் வீணாவதற்கு அதுதான் முதல் காரணம்.

மின்விசிறி கட்டாயம். சைக்கிள் நகராததால் எதிர்க்காற்று கிடையாது. வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறி, அதே தடையில் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். சென்னை மே மாதத்தில் மூடிய அறையில் மிதிப்பதைவிட ஜன்னலோரமாகக் காலை ஆறு மணிக்கு, முகத்துக்கு நேரே விசிறி வைத்து மிதிப்பது எவ்வளவோ மேல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கையிலிருந்து சில நொடிகள் எழுந்தால் மரத்துப்போவது குறையும்.

காய்ச்சல் இருந்தால் ஏறக் கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டை அரிப்பு என்று கழுத்துக்கு மேலே மட்டும் தொல்லை இருந்தால் பாதி நேரம், பாதித் தடையில் மிதிக்கலாம். பத்து நிமிடத்தில் மோசமாக உணர்ந்தால் நிறுத்திவிட வேண்டும். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கல் இருந்தால் ஓய்வு மட்டும்தான். வைரஸ் தொற்று நேரத்தில் கடுமையாக உழைத்தால் இதயத் தசை அழற்சி ஆபத்து உண்டு. "வியர்த்தால் காய்ச்சல் விடும்" என்று ஏறுவது தவறு. டெங்கு வந்து தேறியவர்கள் தட்டணு எண்ணிக்கை சரியாகி, மருத்துவர் சொன்ன பிறகு, முதல் வாரத்து அளவிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது.

சைக்கிள் தராதவையும் உண்டு. இது எலும்புக்கு உடல் எடையின் சுமையைத் தருவதில்லை. தோள், முதுகுத் தசைகளைத் தொடுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரில் தண்டால், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குதல் எனச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்களும், இன்சுலின் போடும் நீரிழிவுக்காரர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தெருவில் பாதுகாப்பாக நடக்க இடம் இருக்கிறது, நடப்பது பிடித்திருக்கிறது என்றால் இந்தப் பணத்தைச் செலவழிக்கத் தேவையே இல்லை. வேக நடையும் இதே கணக்கில்தான் வரும். மழை, வெயில், நாய், இருட்டு, முழங்கால் என்று நடை அடிக்கடி தடைபடுகிறவர்களுக்குத்தான் சைக்கிள் உண்மையான ஈடு.

வருடக் கணக்கில் ஓட

வியர்வையின் உப்புதான் முதல் எதிரி, கடலோர ஊர்களில் இரட்டிப்பு. மிதித்து முடித்ததும் கைப்பிடி, தண்டு, திருகு மரைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அடியில் ஆறு எம்எம் ரப்பர் விரிப்பு போட்டால் டைல்ஸ் மேல் அதிர்வும் சத்தமும் குறையும். நாலு கால்களின் மட்டத் திருகையும் சரிபார்த்து ஆட்டம் இல்லாமல் வையுங்கள். ஆடும் சைக்கிளில் வெல்டு இணைப்புகள்தான் முதலில் சோர்ந்துபோகும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "டக்" என்று கேட்டால் கிராங்க் தளர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பாக்ஸ் ஸ்பானரால் உள்ளே இருக்கும் நட்டை அன்றைக்கே இறுக்குங்கள். தளர்ந்த நிலையில் ஒரு வாரம் மிதித்தால் கிராங்கின் சதுரத் துளை உருண்டையாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. திருகைத் திருப்பியும் தடை மாறவில்லையென்றால் காந்தம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கேபிள் கொக்கியிலிருந்து விலகியிருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். பக்க மூடியைத் திறந்தால் பத்து நிமிட வேலை. அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வழுக்கினால் பெல்ட் இழுப்பைக் கூட்ட வேண்டும்.

பழைய சைக்கிள் வாங்குவது நல்ல யோசனை, ஏனென்றால் விற்பனைக்கு வரும் பலவும் அதிகம் மிதிபடாதவை. பார்க்கப் போகும்போது ஒரு 15 எம்எம் ஸ்பானர் கொண்டு போங்கள். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அச்சின் பேரிங் போய்விட்டது. இரண்டு பெடலையும் கழற்றி மரையைப் பாருங்கள். தடையை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக் காதை வையுங்கள். கரகரவென்று கேட்டால் வேண்டாம். இருக்கைத் தண்டைப் பூட்டும் ஊசி துளையில் முழுதாக இறங்கிப் பிடிக்கிறதா என்று உங்கள் முழு எடையோடு உட்கார்ந்து பாருங்கள். இந்த நாலும் சரியென்றால், கிழிந்த இருக்கையும் அணைந்துபோன டிஸ்ப்ளேவும் விலையைக் குறைத்துக் கேட்கத்தான் உதவும். இருக்கை உறை தனியாகக் கிடைக்கும், டிஸ்ப்ளேவுக்குப் பேட்டரி மாற்றிப் பார்த்த பிறகு கவலைப்படலாம்.